நாலு மணி மாத்திரை

மோட்டார்காரருக்கு அன்று வந்த கோபத்தில் எதிரே வெறும் சுவர் நின்றிருந்தால் அதையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருப்பார். எட்டு வாரம்! ஒரு நாள்கூட விடாமல் மாத்திரை போட்டும் வயிற்றுப் புண் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கிறதாம். வாய் வழியாகக் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு டாக்டரம்மா அப்படித்தான் சொன்னார்.

"மாத்திரையை ஒழுங்காப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"வெறும் வயித்துலதானே?"

"வெறும் வயித்துலதான் டாக்டர். வேணும்னா இவளைக் கேளுங்க."

பக்கத்தில் நின்ற மனைவி வேகமாகத் தலையாட்டினாள். டாக்டரம்மா நம்பியது போலவும் தெரியவில்லை, நம்பாதது போலவும் தெரியவில்லை. "இத்தனை நாள்ல ஆறியிருக்கணும். புண்ணுலேர்ந்து சின்னத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கேன். வேற ஏதாவது இருக்கான்னு பாத்துடலாம். அடுத்த வாரம் வாங்க" என்றார். அந்த 'வேற ஏதாவது' எது என்று அவர் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரிய வேண்டுமா என்ன?

பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றின் நிலவறையில், இரண்டு மோட்டார்களோடு இருபத்தாறு வருடமாகக் குடித்தனம் நடத்துபவர் அவர். தொண்ணூற்றாறு வீடுகளுக்கும் தண்ணீர் ஏற்றுவது அவர் வேலை. தண்ணீர் வந்தால் அவர் ஒருவர் இருப்பது யாருக்கும் நினைவிருக்காது. பத்து நிமிடம் நின்றுவிட்டால் போதும், தலையில் சோப்பு நுரையோடு நிற்பவர்கள் எல்லாரும் அவருக்கு உறவாகிவிடுவார்கள். "வயித்தெரிச்சல்னு நான் சொன்னா சிரிக்கிறாங்க. இந்தக் கட்டடத்துல தண்ணி நின்னப்போ எத்தனை பேர் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டேனோ, அத்தனையும் சேர்ந்து எனக்குள்ள வந்து எரியுது" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

உண்மையான காரணம் தோள்வலி. குழாய் தூக்கித் தூக்கித் தேய்ந்த தோளுக்குத் தினம் இரண்டு வலி மாத்திரை என்று வருடக்கணக்கில் விழுங்கியிருந்தார். அது வயிற்றின் உட்சுவரைக் காக்கும் பூச்சை அரித்துவிட்டது. பூச்சு போன இடத்தில் அமிலம் பட்டுப் புண்ணானது. ஒரு நாள் மலம் தார் போலக் கறுப்பாகப் போக, அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். வலி மாத்திரையை அன்றே நிறுத்தியாகிவிட்டது. புண் ஆறத்தான் புது மாத்திரை.

அதைக் கொடுக்கும்போது டாக்டரம்மா, பாவம், இவர் தொழிலைத் தெரிந்துகொண்டு இவர் மொழியிலேயே விளக்கினார். "உங்க வயித்துச் சுவர்லயும் பம்ப் இருக்கு. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான பம்ப். அதுங்கதான் அமிலத்தை இறைக்குது. இந்த மாத்திரை அந்தப் பம்பைப் பூட்டிடும். அமிலம் குறைஞ்சா புண்ணு தானா ஆறிடும். வெறும் வயித்துல ஒண்ணு போடுங்க, போதும்."

கேட்டதும் மோட்டார்காரருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பம்ப் விஷயமா? அதை அவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? அவர் இடது கை நடுவிரலில் நுனி கிடையாது. இருபது வயதில், நின்ற மோட்டார்தானே என்று கை வைத்தபோது, யாரோ மேலே ஸ்விட்சைப் போட்டதில் போனது அது. அன்றிலிருந்து அவருக்கு ஒரே சட்டம்: ஓடுகிற மோட்டாரில் கை வைக்காதே. நிறுத்து, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள், அப்புறம் தொடு.

அந்தச் சட்டத்தை அப்படியே வயிற்றுக்கும் போட்டார். சாப்பாட்டு நேரத்தில் வயிற்றுப் பம்ப் ஓடும். அப்போது பூட்டப் போனால் வம்பு. மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு முடிந்துவிடும். இரவுச் சாப்பாடு எட்டரைக்கு. நடுவில் நாலு மணிக்கு எல்லாம் அடங்கிக் கிடக்கும். வயிறும் வெறும் வயிறு. டாக்டர் சொன்னதும் ஆச்சு, தொழில் சொன்னதும் ஆச்சு. தினமும் டாண் என்று நாலு மணிக்குப் போட்டார்.

எரிச்சல் குறையவே இல்லை. மாத்திரையைச் சந்தேகப்பட முடியாது, தன்னைச் சந்தேகப்படும் வழக்கம் அவருக்குக் கிடையாது. மிச்சம் இருந்தது மனைவியின் சமையல். மிளகாயை நிறுத்தினாள், புளியை நிறுத்தினாள், எண்ணெயைக் கண்ணில் காட்டவில்லை. இரண்டு சமையல் செய்ய நேரமில்லாததால் அவளும் அந்த உப்புசப்பில்லாததையே தின்றாள். அப்படியும் தினம் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "இதுல என்னத்தைப் போட்டுத் தொலைச்சே? நெஞ்சு பத்தி எரியுது" என்று எரிந்து விழுவார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, மறுநாள் இன்னும் ஒரு சாமானைக் குறைப்பாள்.

சோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள், எரியும்போதெல்லாம் குடிக்கும் ரோஸ் நிறத் திரவ மருந்து வாங்க மருந்துக்கடைக்குப் போனார். கட்டடத்தின் கீழேயே இருக்கும் கடை. கடைக்காரப் பெண் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள், கையை எடுக்கவில்லை.

"இந்த மாசத்துல இது நாலாவது பாட்டில் அண்ணா. இது ஏற்கெனவே ஊறி வந்த அமிலத்தைத்தான் அடக்கும். அரை மணியோ ஒரு மணியோ, அவ்வளவுதான். ஊறுறதை நிறுத்துறது மாத்திரைதான். அதை எப்போ போடறீங்க?"

"சாயங்காலம் நாலு மணிக்கு. கடிகாரமே என்னைப் பாத்துதான் ஓடும்."

"நாலரைக்கு என்ன சாப்பிடுவீங்க?"

"நாலரைக்கு ஏன் சாப்பிடணும்?" என்று கேட்டுவிட்டு, ஓடுகிற மோட்டார், ஃபியூஸ், விரல் நுனி எல்லாவற்றையும் விளக்கினார். சொல்லும்போதே பெருமை பொங்கியது. அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"அண்ணா, இந்த மாத்திரை தலைகீழ். ஓடுற பம்பைத்தான் இது பிடிக்கும். தூங்கற பம்ப் அதுக்குச் சிக்காது. சாப்பாடு வந்தாத்தான் பம்பெல்லாம் முழிச்சுக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போட்டா, பம்ப் ஓட ஆரம்பிக்கற நேரம் மருந்து ரத்தத்துல தயாரா நிக்கும். அது ரொம்ப நேரம் நிக்காது, ஒரு ரெண்டு மணி நேரம். நீங்க நாலு மணிக்குப் போட்டு எட்டரைக்குச் சாப்பிட்டா, பம்ப் முழிக்கறதுக்குள்ள மருந்து முக்கால்வாசி போயிடும்."

 மோட்டார்காரருக்குக் கோபம் வந்தது. வெறும் வயிறு என்றார்களே, நாலு மணி வயிறு வெறும் வயிறு இல்லையா? கூடவே 'அரை மணியில் சாப்பிடு' என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? நிலவறைக்குப் போய் இரண்டு மோட்டார்களையும் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். யாரைத் திட்டினாலும் கடைசியில் அது தன்னிடமே வந்து நின்றது.

வீட்டில் சொல்லவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? மறுநாளிலிருந்து காலையில் எழுந்ததும் மாத்திரை, அரை மணியில் சாப்பாடு. நாலாம் நாள் நெஞ்செரிச்சல் பாதியாகக் குறைந்தது. குறைந்ததில் சந்தோஷப்படாமல் இன்னும் கடுப்பானார். குறையக் குறையத் தன் முட்டாள்தனம் நிரூபணமாகிக்கொண்டே வந்தது. தட்டில் விழுந்ததை ஒரு வார்த்தை திட்டாமல் சாப்பிட்டு எழுந்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் தேய்க்கும்போது அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சளி என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் டாக்டரம்மா காகிதத்தைப் புரட்டிவிட்டு, "பயப்பட ஒண்ணும் இல்லை. வெறும் புண்ணுதான்" என்றார். மனைவி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா மருந்துக்கு மசியலையே. அறுவை சிகிச்சை டாக்டர் ஒருத்தர்கிட்ட அனுப்பறேன், அவரும் ஒரு தடவை பாக்கட்டும்" என்று எழுத ஆரம்பித்தார்.

மோட்டார்காரருக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. கூடவே ரோஷமும் வந்து வழியை மறித்தது. அவர் விழுங்கிக்கொண்டிருக்கும்போதே மனைவி பேசிவிட்டாள்.

"டாக்டர், அவர் மேல தப்பே இல்லை. மாத்திரையை ஒரு நாள் விடலை. நான்தான்... அஞ்சாறு தடவை நாக்கு கேக்குதேன்னு துளி மிளகாய் போட்டுட்டேன். அதனாலதான் ஆறலையோ என்னவோ. அவரை அறுக்காதீங்க டாக்டர்."

இத்தனை வருடத்தில் அவள் யாரிடமும் கைகூப்பி அவர் பார்த்ததில்லை.

"நாலு மணிக்குப் போட்டேன்" என்றார் மோட்டார்காரர், தேவைக்கு மேல் சத்தமாக. "எட்டு வாரமும் சாயங்காலம் நாலு மணிக்கு. அப்புறம் நாலரை மணி நேரம் ஒண்ணும் சாப்பிடல. இவ சமையல்ல ஒரு குத்தமும் இல்லை. இந்த ஒரு வாரமாத்தான் சரியாப் போடறேன்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு எழுதிய தாளைக் கிழித்துப்போட்டு, இன்னும் எட்டு வாரம், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொடுத்தார்.

வெளியே வந்து இருவரும் படி இறங்கினார்கள். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகவே நடந்தார் அவர். கடைசிப் படியில் அவள் நின்றாள்.

"தெரிஞ்சு ஒரு வாரம் ஆச்சா?"

"ஆமா."

"அதான் ஒரு வாரமா திட்டலையா?" அவள் மூக்கை உறிஞ்சினாள். "பேசாம சாப்பிட்டு எழுந்தீங்களே... சாகப் போறது தெரிஞ்சு போச்சு, அதான் மனுஷன் அடங்கிட்டார்னு நினைச்சேன் நான்."