பூவுக்கு இறைத்த தண்ணீர்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. காலையில் வெளியூர்க்காரர்களுக்குப் பறவை காட்டுகிறேன். மலை ஏற வருகிறவர்களின் பையைச் சுமக்கிறேன். காபிப் பழம் சிவக்கும் மாதங்களில் ஏதாவது எஸ்டேட்டில் காட்டெருமை விரட்டும் காவல். கொஞ்ச காலம் ஏற்காடு ஏரியில் மிதிபடகுகளை இழுத்துக் கட்டும் வேலையும் பார்த்தேன். புதுமாப்பிள்ளைகள் வீறாப்பாகக் கிளம்பி, பாதி ஏரியில் கால் ஓய்ந்துபோய் உட்கார்ந்துவிடுவார்கள். நான் போய்க் கயிறு போட்டு இழுத்து வருவேன். ஒருத்தரும் நன்றி சொன்னதில்லை, மனைவி பக்கத்தில் இருக்கிறாளே.

அப்பாவின் வாலிபத்தில், துப்பாக்கியோடு வரும் எஸ்டேட் விருந்தாளிகளுக்கு வாத்து இறங்கும் குட்டைகளைக் காட்டுவது ஒரு வேலையாக இருந்தது. சுட்டது விழுந்தால் குளிர்ந்த தண்ணீரில் இறங்கி எடுத்து வருவதும் அதில் சேர்த்தி. இப்போது சுட்டால் ஜெயில். துப்பாக்கி போய்க் கேமரா வந்துவிட்டது. மற்றபடி வேலை அதேதான். விடிவதற்குள் போய் ஒளிந்து உட்கார வேண்டும், கொசு கடித்தால் கையை ஓங்கக் கூடாது, இருமல் வந்தால் துண்டை வாயில் அடைத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கும் யாராவது ஒருவர் என் காதருகே வந்து, "இங்க சுட விடுவாங்களா?" என்று கேட்கத்தான் செய்கிறார். அவருக்கு அன்றைக்கு முழுவதும் காக்காயைத் தவிர வேறொன்றும் காட்ட மாட்டேன்.

கொட்டச்சேடு கிராமத்துக்குக் கீழே எங்கள் காட்டில், தோட்டத்தைத்தான் காடு என்போம், ஒரு குட்டை இருக்கிறது. பாகம் பிரித்தபோது மேல்பக்கம் எனக்கும் கீழ்ப்பக்கம் அக்காவுக்கும் வந்தது. குட்டையை எப்படிப் பிரிப்பது என்று ஒருவருக்கும் தெரியாததால் அதைப் பொதுவில் விட்டார்கள். என் பக்கம் பாறையும் சில்வர் ஓக் மரமும்தான். அதனால்தான் நான் பறவை காட்டிப் பிழைக்கிறேன். அக்கா பக்கம் நல்ல மண், முழுக்கக் காபி. அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, இறந்த பிறகு அவள் தனி ஆளாக அதைப் பார்த்துக்கொண்டாள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். வந்துவிடு வந்துவிடு என்று வாரம் தவறாமல் போன் செய்வான்.

காபிக்கு மாசியிலோ பங்குனியிலோ ஒரு மழை வேண்டும். பூ மழை என்போம். கிளை முழுக்க மொட்டு கட்டிக்கொண்டு செடி காத்திருக்கும். ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டு ஒன்பது நாளில் காடே வெள்ளையாகப் பூத்துவிடும். மழை வராவிட்டால் மொட்டு காய்ந்து உதிர்ந்துவிடும், அந்த வருஷம் அவ்வளவுதான். போன வருஷம் அக்கா மழைக்காகக் காத்திருந்தாள். மழை தாமதமாக, மொட்டெல்லாம் கருகிய பிறகு வந்தது. அப்போதே சொல்லிவிட்டாள், இந்த வருஷமும் காய்க்காவிட்டால் காட்டை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விடுவதாக. அவள் சும்மா சொல்கிற ஆள் இல்லை.

இந்த வருஷம் மாசி முடிந்தும் வானம் வெளுத்துக் கிடந்தது. அதே சமயத்தில் குட்டையில் ஒரு ஜோடி முக்குளிப்பான் கூடு கட்டியிருந்தது. கைக்குள் அடங்கிவிடும் சின்னத் தண்ணீர்ப் பறவை அது. கூட்டை மரத்தில் கட்டாது. தண்ணீர் மேலேயே, பாசியையும் அழுகிய தண்டுகளையும் சேர்த்து, கோரையோடு பிணைத்து மிதக்கவிடும். இரை தேடப் போகும்போது முட்டைமேல் பாசியை இழுத்துப் போட்டு மூடிவிட்டுப் போகும். பார்த்தால் குப்பை மாதிரிதான் இருக்கும். குஞ்சு பொரித்துவிட்டால் அம்மா முதுகில் ஏறிக்கொண்டு ஊர்வலம் வரும். அந்தப் படத்துக்காக வருகிறவர்கள் உண்டு. கோயமுத்தூர்க்காரர்கள் இரண்டு பேர் என்னிடம் சொல்லி வைத்திருந்தார்கள். கரையில் சில்வர் ஓக் கிளையும் பச்சை வலையும் கட்டி மறைப்புப் போட்டிருந்தேன்.

அக்கா ஒரு காலையில் அந்த மறைப்புக்கே வந்துவிட்டாள்.

"கண்ணு, மோட்டாருக்குச் சொல்லிட்டேன். நாளைக்கு வருது. குட்டையில போட்டு மொட்டுக்கு எறைச்சரலாம்."

நான் கூட்டைக் காட்டினேன். தண்ணீர் இறங்கினால் அது தரை தட்டிவிடும் என்றேன். "ஒரு பத்து நாள் பொறுங்கக்கா. பொரிச்சிரும். அப்பறம் நானே எறைச்சுத் தர்றேனுங்க."

அவள் கோபப்பட்டிருந்தால் நானும் மல்லுக்கு நின்றிருப்பேன். அவள் கோபப்படவில்லை. "பத்து நாள் மொட்டு தாங்குமா? நீயே வந்து பாரு சாமி," என்றாள். போய்ப் பார்த்தேன். ஒரு மொட்டைக் கிள்ளினேன். நுனி பழுப்பேறி இருந்தது, விரலில் நசுக்கினால் ஈரமில்லை. அதைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? இந்தப் பக்கம் கூடப்பிறந்தவள், அந்தப் பக்கம் முட்டை. எனக்கு இரண்டின் மேலும் எரிச்சலாக வந்தது.

கூட்டைக் கோரையிலிருந்து அறுத்து நடுத்தண்ணீருக்குத் தள்ளிவிடலாமா என்றும் யோசித்தேன். ஆள் கை பட்டால் பறவை திரும்பி ஏறாது என்று பயந்து விட்டுவிட்டேன். மறுநாள் மோட்டார் வந்தது. குழாயைக் குட்டையில் இறக்கியதும் நான்தான். அக்காவுக்கு இடுப்பு வலி, குனிய முடியாது.

இரண்டு நாள் மோட்டார் ஓடியது. காபிச் செடிகள் மேல் தண்ணீர் சுற்றிச் சுற்றித் தெறித்தது. குட்டையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. இரண்டாம் நாள் சாயங்காலம் கூடு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் ஒரு ஆள் நீளத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

முக்குளிப்பானுக்கு நீந்தத் தெரியும், முங்கத் தெரியும். நடக்க வராது, அதற்குக் கால் உடம்பின் பின்கோடியில் இருக்கிறது. பெட்டை தண்ணீர் விளிம்பு வரை நீந்தி வரும், கூட்டைப் பார்க்கும், திரும்பும். மறுபடியும் வரும். ஒருமுறை சேற்றில் ஏறி நெஞ்சால் உந்தி உந்திப் பாதி தூரம் வந்து, முடியாமல் சரிந்து தண்ணீருக்கே போய்விட்டது. சுடப்பட்ட வாத்து விழுந்ததைப் பார்த்து அப்பா வருத்தப்பட்டிருப்பாரோ என்னவோ, எங்களிடம் சொன்னதில்லை. மூடி வைத்த பாசி மட்டும் முட்டைமேல் அப்படியே கிடந்து வெயிலில் காய்ந்தது. அடுத்த நாள் காலையில் முட்டையும் இல்லை, நாய்க் காலடி மட்டும் சேற்றில் இருந்தது.

கோயமுத்தூர்க்காரர்களுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றேன். அப்படியும் ஒருவர் வந்தார். சேற்றில் கிடந்த வெறுங்கூட்டைப் பல பக்கத்திலிருந்தும் படம் எடுத்தார். நல்ல படம் என்று சொல்லிக் கேமராவைத் திருப்பி எனக்கும் காட்டினார். நான் பார்க்கவில்லை.

தண்ணீர் விட்ட ஒன்பதாம் நாள் அக்காவின் காடு பூத்தது. சுற்றிலும் எல்லார் காடும் பூவில்லாமல் வாடி நிற்க, அவளுடையது மட்டும் வெள்ளை. மல்லிகை மாதிரி வாசனை ரோடு வரை வந்தது. வெள்ளக்கடை பக்கம் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா எனக்குத் தட்டத்தில் சோறு போட்டாள், பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். "பாவம், அந்தக் குருவிதான்," என்றாள். அவள் முகத்தில் வருஷக் கணக்கில் பார்க்காத ஒரு சிரிப்பு இருந்தது. குட்டை போனால் போகிறது, அக்கா இங்கேயே இருப்பாள் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானமே மழை வந்தது.

மலைக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இது புரியாது. மொட்டுக்கு மழை வேண்டும், விரிந்த பூவுக்கு மழை ஆகாது. விரிந்த அன்றைக்கு நனைந்தால் மகரந்தம் கரைந்துபோகும், பூ அழுகிவிடும், காய் பிடிக்காது. ஊர் முழுக்க வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்ட மழை அது. பத்து நாள் தாங்காது என்று நாங்கள் பயந்த மொட்டு அவர்கள் காட்டில் எப்படியோ தாங்கிக் கிடந்தது, அதற்கு அளந்து விட்ட மாதிரி சரியான மழை. அக்கா ஒருத்தியின் காட்டில்தான் பூ விரிந்திருந்தது.

நான் ஓடினேன். அவள் அதற்குள் காட்டுக்குள் இறங்கியிருந்தாள். முக்காடு கூட இல்லை. ஒவ்வொரு செடியாகப் பிடித்துக் கிளையை உலுக்கித் தண்ணீரை உதறிக்கொண்டிருந்தாள். உதறிவிட்டு அடுத்ததுக்குப் போவதற்குள் முதல் கிளை மறுபடியும் நனைந்துவிடும். இடுப்பைப் பிடித்துக்கொண்டே குனிந்து குனிந்து உலுக்கினாள். "உட்டுட்டு ஊட்டுக்கு வாங்கக்கா," என்று கத்தினேன். அவள் திரும்பவில்லை. நானும் அடுத்த வரிசையில் நின்று உலுக்க ஆரம்பித்தேன். அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நாலு நாளில் பூவெல்லாம் பழுப்பாகிக் கிளையோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த வாரம் சுற்றிலும் எல்லார் காடும் பூத்தது. அந்த வாசனை வந்த நாட்களில் அக்கா கதவைச் சாத்தியே வைத்திருந்தாள்.

ஆனியில் அவள் திருப்பூருக்குப் போய்விட்டாள். காட்டை வாங்கியவர் காபி வைக்கிறவர் இல்லை. செடிகளையெல்லாம் பிடுங்கிவிட்டார், தங்கும் அறைகள் கட்டப்போகிறார். நான் இரண்டு மூட்டையோடு அவளை அடிவாரம் வரை கொண்டுபோய்ப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் மழை.

அந்த மழையில் குட்டை வழிய வழிய நிரம்பியது. ஆடியில் பார்க்கிறேன், அதே கோரையில் முக்குளிப்பான் மறுபடியும் கட்டியிருக்கிறது. அதே ஜோடிதானா என்று சத்தியம் பண்ண முடியாது. அதே மாதிரி முட்டைமேல் பாசியை இழுத்துப் போட்டு மூடிவிட்டுப் போனது. எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. பறவை ஒரு முட்டை போனால் இன்னொன்று வைக்கிறது. காபி வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே எல்லாரையும் விசாரித்தாள், காட்டைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. வைக்கப் போகிற நேரத்தில், "ஏன் கண்ணு, அந்தக் குருவி திலும்ப வந்துச்சா?" என்றாள்.

"வந்திருக்குதுங்கக்கா. முட்டை வச்சிருக்குது."

"நொம்ப நல்லதாப் போச்சு," என்றாள். பிறகு, "பொரிக்கற வரைக்கும் யாரையும் தண்ணி எறைக்க உடாத சாமி," என்றாள்.

அந்தத் தண்ணீரை இறைக்க இனிமேல் கீழே ஒரு செடியும் இல்லை. "சரிங்கக்கா," என்றேன்.