ஓரிக்கைக்குப் போன வேண்டுதல்

காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், பிள்ளையார் கோயிலில் ஒருவரைத் தவறாமல் பார்ப்பேன். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் ஈரத் துண்டு, கையில் பெரிய பிளாஸ்டிக் கேன். வருகிறவர்களின் பையைத்தான் முதலில் பார்ப்பார், முகத்தை அப்புறம்தான். குருக்கள் தேங்காய் உடைக்கும் கல்லுக்கு அடியில் ஒரு பேசினை வைத்துச் சிந்துகிற தண்ணீரையெல்லாம் பிடித்துக்கொள்வார்.

"எதுக்குங்க இது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பக்கத்துல ஓரிக்கையில கத்தரி போட்டிருக்கேன் சார். பூவெல்லாம் கொட்டிக்கினே இருந்துச்சு. தேங்காத் தண்ணியில செடிய வளக்குற ஹார்மோன் இருக்குதாம், விவசாய ஆபீசர் சொன்னாரு. புளிச்ச மோருல கலந்து ஊற வச்சு அடிச்சேன், இப்ப பூ நிக்குது. அது சரி, உங்களுக்கு இன்னா வேண்டுதல்?"

"சொந்த ஊருக்கு டிரான்ஸ்ஃபர்."

என் பையை எட்டிப் பார்த்தார். "டிரான்ஸ்ஃபருக்கு ஒத்தத் தேங்காயா? பிள்ளையார் இன்னா நெனப்பாரு?"

அன்றிலிருந்து வாராவாரம் மூன்று தேங்காய் உடைத்தேன். ஆர்டர் வரவில்லை. அவர் கொடுத்த கத்தரிக்காய்தான் வீட்டில் நிறைந்தது. "உங்க வேண்டுதல் பிள்ளையார் காதுல விழறதுக்குள்ள ஓரிக்கைக்குப் போயிடுது" என்றாள் மனைவி.

ஒருவழியாக ஆர்டர் வந்தது. ஆபீசில் எல்லாரும் சிரித்துக்கொண்டே கை குலுக்கினார்கள். கோயிலில் விஷயத்தைச் சொன்னதும் இவர் மட்டும் கேனைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இந்த ஊரில் எனக்காகக் கலங்க ஒரு மனிதராவது இருக்கிறாரே என்று நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மெதுவாக நிமிர்ந்தார்.

"உங்க எடத்துக்கு வர்றவருக்குச் சாமி நம்பிக்கை இருக்குதா சார்?"