ஒரே பக்கத்தில் இரண்டு பட்டங்கள்

துறைத்தலைவர் அறையில் கல்லூரி விளக்கப் புத்தகத்தால் அப்பா விசிறிக்கொண்டிருந்தார். அதை அண்ணி மெதுவாக வாங்கிப் பிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரே பக்கத்தில் பி.எஸ்ஸி. வேதியியல், கீழே பி.எஸ்ஸி. உயிர்வேதியியல். எருமப்பட்டிப் பக்கம் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. வீட்டில் எதற்கும் கோழிக் கணக்கில்தான் தேதி சொல்வோம். அது பழைய கோழிகளை லாரியில் ஏற்றிய மறுநாள், ஒரு திங்கட்கிழமை. அண்ணிக்குக் கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை. பிளஸ் டூவோடு படிப்பு நின்றிருந்தது.

எனக்கு வேதியியல்தான் வேண்டும், ஆசிரியர் ஆக வேண்டும். அப்பாவோ ‘பயோ’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

“அதப் படிச்சாக் கோழிக்கு ஊசி போடலாமுங்களா?” என்று துறைத்தலைவரிடம் கேட்டார்.

அவர் சிரித்துவிட்டார். “அதுக்குக் கால்நடை மருத்துவம் படிக்கணும்ங்க. இதுல ரத்தம், புரதம், நொதின்னு உடம்புக்குள்ள நடக்கற வேதியியல். பரிசோதனைக்கூட வேலைக்கு நல்லது.”

“அப்பத் தீவனத்துல என்ன கெட்டுருக்குன்னு கண்டுபுடிக்கலாமில்லீங்க? அது போதும்.”

அண்ணிதான் கேட்டது: “வேதியியல் முடிச்சுட்டு மேல உயிர்வேதியியலுக்குப் போலாமுங்களா?” பெரும்பாலும் போகலாமாம். “இதுல சேந்துட்டு அதுக்குத் திரும்பலாமுங்களா?” அது கடினமாம். முதலாண்டிலேயே துணைப்பாடங்கள் வேறு வேறாகிவிடும் என்றார் துறைத்தலைவர்.

வராந்தாவுக்கு வந்ததும் அப்பா, “அப்பத் தீவனத்த யாரு சாமி பாக்கறது?” என்றார். குரலில் கோபமில்லை, கவலைதான். முந்தைய மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தால் ஒரு கொட்டகைக் கோழிகள் முழுவதும் செத்துப்போயிருந்தன.

“நான் பாக்கறேனுங்க மாமா,” என்ற அண்ணி என்னைக் காட்டியது. “அம்மிணி கெமிஸ்ட்ரி படிக்கட்டும். பயோகெமிஸ்ட்ரில நான் சேந்துக்கறேன். என்ற மார்க் ஷீட்டு ஊட்டுல பத்திரமா இருக்குதுங்க.”

அப்பா அடுத்ததைக் கேட்டார்: “முட்டை ஆரு பொறுக்கறது?”

“காலைல பொறுக்கிட்டுத்தான் வாரேனுங்க.”

“உன்ற ஊட்டுக்காரன்?”

“நீங்க செரின்னா அவரும் செரிம்பாருங்க.”

“அவனத் தெரிஞ்சுதான் வெச்சிருக்கே!” என்று சிரித்துவிட்டு, இரண்டு விண்ணப்பம் வாங்க அப்பாவே உள்ளே போனார்.

மூன்றாண்டும் ஒரே பேருந்தில் போனோம். கையில் முட்டை வாடை போகவில்லை என்று அண்ணி கடைசிவரை சோப்பைத் திட்டும். நான் இன்று பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். நாமக்கல்லில் ஒரு தீவனப் பரிசோதனைக்கூடத்தில் அண்ணி வேலை பார்க்கிறது. அந்த வராந்தாவில் யார் விட்டுக்கொடுத்தோம் என்று யோசித்தால், யாருமே இல்லை என்றுதான் படுகிறது.

போன ஞாயிறு ஊருக்குப் போயிருந்தேன். காலையில் மக்காச்சோளம் ஏற்றிய லாரி பண்ணை வாசலில் நின்றது. அதன் மாதிரி முந்தின நாளே பரிசோதனைக்கூடத்துக்குப் போயிருந்தது. “ஏனுங்க பெரியவரே, எறக்கலாமுங்களா? வெயிலேறுது,” என்றார் ஓட்டுநர். “ஒரு டீயக் குடிங்க. மருமவ சொல்லட்டும்,” என்றார் அப்பா. கொட்டகையிலிருந்து முட்டை அட்டையோடு வந்த அண்ணி, செல்போனில் முடிவைப் பார்த்துவிட்டு, “எறக்கிக்கலாமுங்க மாமா,” என்றது. அதன்பிறகுதான் தார்ப்பாயை அவிழ்த்தார்கள்.