அப்புறம் மாமாவின் ரத்தம்

அம்மாவின் கடைசித் தம்பிக்கு நாங்கள் வைத்த பெயர் அப்புறம் மாமா. எதைக் கொடுத்தாலும், "அக்கா முதல்ல, அப்புறம் நான்" என்பார். சூடான டீயோ புதுச் செருப்போ, அம்மா தொட்டுக் காட்டிய பிறகுதான் அவர் கை நீளும். நாற்பதைத் தாண்டியும் குழந்தை மனசுதான். ஆனால் பிஸ்கட் கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

எனக்குக் கல்யாணமான புதிதில் ஒரு பயம் பிடித்து ஆட்டியது. அம்மாவின் தாய்மாமா ஒருவரும் இப்படித்தானாம். எனக்கு மகன் பிறந்தால்? இது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது என்றார் டாக்டரம்மா. அதில் எந்த இடத்தில் கோளாறு என்று கண்டுபிடிக்கக் குடும்பத்தில் எல்லோர் ரத்தமும் வேண்டும். அப்புறம் மாமாவுடையது கட்டாயம் வேண்டும்.

லாரி ஓட்டும் பெரிய மாமா தன் பாஷையில் விளக்கினார். "பொம்பளைங்களுக்கு எக்ஸ் ரெண்டு. ஒண்ணு பஞ்சரானா இன்னொண்ணுல ஓடும். நமக்கு ஒண்ணே ஒண்ணு. எனக்கு நல்லது வந்துச்சு, தம்பிக்கு பஞ்சரானது."

"அப்போ என் பொண்ணுக்கு நான் எதைக் கொடுத்தேனோ?" என்றாள் அம்மா. அன்று அவள் சாப்பிடவே இல்லை.

ரத்தம் எடுக்கும் அறையில் நர்ஸ் அவசரப்பட்டாள். "இவரு பயப்படுவாரு. இவரையே முதல்ல முடிச்சிடலாம்." சொல்லி வாய் மூடவில்லை, மாமா மேஜைக்கு அடியில். எனக்கு நர்ஸ் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். நரம்பு கிடைக்காமல் இங்கே குத்தி, அங்கே குத்தினார்கள். ஒவ்வொரு குத்துக்கும் அம்மா கிச்சுகிச்சு மூட்டியது போலச் சிரித்தாள். மாமா மெல்ல வெளியே வந்தார். இரண்டு சட்டைக் கையையும் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தவர், ஊசி படுவதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

சில மாதங்கள் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டார். இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். "மாமாகிட்ட இருக்கிற கோளாறு உங்க அம்மாகிட்டயும் இருக்கு. உங்களுக்கு வரல."

அம்மா உடைந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. அதைக் கண்டதும் மாமாவும் ஓவென்று அழுதார். சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா சிரித்தாள். மூக்கு ஒழுக அவரும் சிரித்தார்.

"நிம்மதியா ஒரு அழுகை அழக்கூடாதாம்மா?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"நான் அழுதா அவன் நிறுத்தவே மாட்டான்டி. சின்ன வயசுல ஒரு தடவை பட்டாச்சு."

இன்று என் மகன் காலேஜில் படிக்கிறான். அந்த பஸ் பயணத்தை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. நாங்கள் மூவரும் ஒரே சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். எப்போதோ ஊசி குத்திய இடத்தை மாமா எல்லோருக்கும் காட்டிக்கொண்டே வந்தார்.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் யாரோ டீ கொடுத்தார்கள். மாமா தன் டம்ளரைத் தொடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டீயை ஊதி ஒரு வாய் குடித்தேன், அவரைப் பார்த்துச் சிரித்தேன். அப்புறம் அவர் குடித்தார்.