அடியில் படிந்தது

மூன்று வருஷத்துக்கு முன்னால், புதுக்கோட்டையில் நான் எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. பொங்கல் லீவு முடிந்து லேபைத் திறந்தால், அலமாரியில் வைத்துவிட்டுப்போன சாயத்தண்ணி பாட்டில்களில் ஒன்று மட்டும் வெளுத்துப்போயிருந்தது. மற்றதெல்லாம் அதே கருஞ்சிவப்பு. வெளுத்த பாட்டிலில் மட்டும் கொஞ்சம் வாய்க்கால் சேறு கலந்திருந்தது. அந்தச் சேற்றிலிருந்த பாக்டீரியா செய்த வேலை. பாடத்தில் படித்ததுதான், ஆனாலும் கண்ணால் பார்த்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதையே கிணற்றில் செய்தால் என்ன என்று அந்த நிமிஷமே தோன்றிவிட்டது.

ஏனென்றால் அந்த பாட்டில்களில் இருந்தது கிணற்றுத் தண்ணி. கீரனூர்ப் பக்கம் எங்கள் ஊரில், எங்கள் தெருவிலேயே இருக்கிற ஒரு அண்ணனுடையது. சிங்கப்பூரில் உழைத்துச் சேர்த்ததையெல்லாம் போட்டு நிலம் வாங்கி மல்லிகை வைத்திருந்தார். மேட்டில் ஒரு சாயப்பட்டறை கொஞ்ச காலம் ஓடியது. கழிவைக் குழியில் விட்டுவிட்டு, ஒருநாள் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அது ஊறி இவர் கிணற்றுக்கு வந்துவிட்டது. சாயமாவது கண்ணுக்குத் தெரியும். கூடவே வந்த குரோமியம் என்கிற விஷ உலோகம் தெரியாது. பக்கத்துத் தோட்டத்து போர் தண்ணியைக் கெஞ்சி வாங்கித்தான் செடியை உயிரோடு வைத்திருந்தார்.

“இந்தக் கெணறு சரியாகலன்னா மறுபடி பிளேன் ஏற வேண்டியதுதான் தங்கச்சி” என்பார், சிரித்துக்கொண்டே. அவர் மனைவி, எங்கள் மதினி, சிரிக்காது.

எங்கள் மேடமிடம் கேட்டு, அவர்கள் மேற்பார்வையில் ஆரம்பித்தோம். லேபில் பெருக்கிய பாக்டீரியாவைக் கேனில் அடைத்து பஸ்ஸிலேயே கொண்டுபோனேன். அதற்குத் தீனியாக வெல்லப்பாகும் ஊற்ற வேண்டும். பாகு வாளி கிணற்றுக்குள் இறங்குவதைப் பார்த்த மதினி, “கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு அதிரசம் வாங்கித் தரல. கிருமிக்கு விருந்து வைக்கிறாரு பாரு” என்றது. அண்ணன், “அது வேல பாக்குதுல்ல” என்றார். அன்றைக்கு முழுக்க அவருக்குச் சோறு தள்ளியே வைக்கப்பட்டது.

தண்ணி மெல்ல மெல்ல வெளுத்தது. சித்திரைக்குள் கிணற்றின் கடைசிப் படி வரைக்கும் தெரிந்தது. சோதித்துப் பார்த்ததில் குரோமியமும் வெகுவாகக் குறைந்திருந்தது. எனக்கு அப்போது பரீட்சை நேரம். ஹாஸ்டல் வராண்டாவிலிருந்து போன் போட்டு, மூச்சுவிடாமல் சொன்னேன்: “அண்ணே, தண்ணியில இருந்த விஷம் போயிருச்சுண்ணே. எல்லாம் அடியில படிஞ்சிருச்சு. இன்னும் ஒரு டெஸ்ட் இருக்கு, அதுவரைக்கும் தண்ணிய மட்டும் தொடாதீங்க.”

அவர் அந்தத் தண்ணியைச் செடிக்கு விடவில்லை, அப்படியே இறைத்து மேட்டிலிருந்த பழைய கழிவுக் குழியிலேயே விட்டார்.

பரீட்சை முடிந்து போனபோது மல்லிகை பழுத்து நின்றது. இலை ஓரமெல்லாம் கருகல். சில செடி வெறும் குச்சி. ஒவ்வொரு தூரிலும் கறுப்பாக மண் அணைத்திருந்தது.

“கெணத்தத் தூர் வாரிட்டேன் தங்கச்சி” என்றார். “நல்ல வண்டலு. வெளிய கொட்ட மனசு வரல. நீதான சொன்ன, எல்லாம் அடியில படிஞ்சிருக்குன்னு. வெயிலுக்குத்தான் வாடுது, ரெண்டு மழை பேஞ்சா தெளிஞ்சிரும்.”

எங்கள் வறண்ட சீமையில் அடியில் படிந்தது என்றால் வண்டல்தான். கண்மாய் வற்றினால் வண்டிகட்டி அள்ளி வருவதும் அதைத்தான். பாடப்புத்தகத்தில் அதே வார்த்தைக்கு வேறு அர்த்தம். பாக்டீரியா சாயத்தை உடைக்கும். உலோகத்தை உடைக்க முடியாது. தண்ணியிலிருந்து பிரித்துச் சேற்றில் உட்கார வைக்கும், அவ்வளவுதான். அந்தச் சேறு முழுக்க இப்போது வேரில் இருந்தது.

இதை அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். குனிந்து ஒரு செடித் தூரிலிருந்து மண்ணைக் கையாலேயே விலக்க ஆரம்பித்தார். அடுத்த செடிக்கும் போனார். மதினிதான் வந்து கையைப் பிடித்துத் தூக்கியது. “வுடுங்க. தண்ணி வந்துச்சு, மண்ணு போச்சு.” என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

செடி எதுவும் மீளவில்லை. ஆடி பிறக்குமுன் அண்ணன் கீரனூரில் திருச்சி பஸ் ஏறினார், ஏர்போர்ட்டுக்கு. வழியனுப்பப் போயிருந்தேன். படியில் நின்றபடி, “அந்தக் கெணத்துத் தண்ணிய டெஸ்ட் பண்ணுவேன்னியே, பண்ணிட்டியா” என்று கேட்டார். பண்ணிவிட்டேன், புதிதாக ஊறியதும் நல்ல தண்ணிதான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்த மண்ணையெல்லாம் வழித்து, தார்ப்பாய் விரித்த குழியில் போட்டு மூடி வைத்திருக்கிறோம். மிச்சம் நிலத்தில் இருக்கிறது. வரும் ஐப்பசி மழைக்கு ஒரே ஒரு பாத்தியில் வெட்டிவேர் நட்டு, வேருக்கு எங்கள் பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்க்கப்போகிறேன். வேர் உலோகத்தை எவ்வளவு இழுக்கும், தெரியாது. மதினி நிலம் தருகிறேன் என்றிருக்கிறது, ஆனால் போன வாரம் ஒன்று கேட்டது: “அந்த வேரப் புடுங்குன பெறகு எங்க கொண்டுபோயி போடுவ?” அதற்குப் பதில் கண்டுபிடித்த பிறகுதான் முதல் நாற்றை நடுவது என்றிருக்கிறேன், ஏனென்றால் ‘விஷம் போயிருச்சு’ என்று அவ்வளவு லேசாகச் சொல்ல, இனி எனக்கு வாய் வராது.