மடியில் ஒரு சீழ்க் குப்பி

இரண்டு வருஷத்துக்கு முன்பு, குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த ஆனி மாதம். ஊரே அருவிக்கு ஓடிக்கொண்டிருக்க, நான் தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கணவரின் காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் வடகரையில் தென்னை ஏறுகிறவர். மரத்தைவிட்டு இறங்கும்போது மட்டைச் சிராய் ஒன்று உள்ளங்காலில் ஏறிவிட்டது. சர்க்கரை வேறு. கால் முழங்கால் வரைக்கும் வீங்கி, காய்ச்சல் விடவே இல்லை.

ஊசி மேல் ஊசி போட்டும் கேட்கவில்லை. சீழை எடுத்துச் சோதித்ததில் கிருமி எதுவும் வளரவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. இப்படியே போனால் காலை எடுக்க வேண்டியதுதான் என்றார் டாக்டரம்மா. புண்ணில் நீங்களாக ஏதாவது போட்டீர்களா என்று அவர் கேட்டதும், என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார்.

"மறைக்காம சொல்லுங்க, என்னத்தப் போட்டிய?" என்றேன்.

"மெடிக்கல்ல வாங்குன கேப்சூல ஒடச்சுத் தூவுனேன். ஊர்ல எல்லாரும் அப்படித்தானட்டி செய்யுதாவ."

ஆஸ்பத்திரியில் போட்ட கட்டுத்துணியையும் நெகிழ்த்தித் தூவியிருக்கிறார், சீக்கிரம் ஆறட்டும் என்று! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தத் தூளால்தான் சோதனையில் கிருமி வளரவில்லை, காலுக்குள் அது பாட்டுக்கு வளர்கிறது என்றார் டாக்டரம்மா. கிருமியை வளர்க்காமலே அதன் மரபணுவைப் பார்த்து, எந்த மருந்துக்கு அடங்காது என்று அன்றைக்கே சொல்லும் சோதனை திருநெல்வேலியில் இருக்கிறதாம். மறுநாள் காலை வரை பொறுக்கலாம், அதற்கு மேல் முடியாது என்றார்.

கொழுந்தன் என் கையைப் பிடிக்காத குறை. "மதினி, உயிரா காலா? கையெழுத்தப் போட்டுருங்க."

"ரெண்டுந்தான் வேணும் தம்பி. ரிசல்ட் வரட்டும்."

லேப்புக்குச் சாம்பிள் கொண்டுபோகிற ஆள் அன்றைக்கு முன்பே கிளம்பிவிட்டார். வீட்டுக்காரர் கை மறுபடி தூள் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளக் கொழுந்தனை உட்கார வைத்துவிட்டு, சீழ்க் குப்பி இருந்த தெர்மாகோல் பெட்டியோடு நானே பஸ் ஏறினேன். சீசன் கூட்டம், நிற்க இடமில்லை. மீன் பெட்டியா என்று கண்டக்டர் முகம் சுளித்தார். விஷயத்தைச் சொன்னதும் தன் சீட்டைக் கொடுத்தார். ஆலங்குளத்தில் ஏறிய கூட்டம் என்மேல் சாயாமல், குறுக்கே நின்று பார்த்துக்கொண்டார். லேப் இருந்த தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தி இறக்கியும் விட்டார். அந்த முகம் மறக்காது.

பொழுது சாய்வதற்குள் முடிவு டாக்டரம்மாவின் போனுக்கு வந்துவிட்டது. இதுவரை ஏற்றிய மருந்து எதற்கும் அடங்காத கிருமி. மருந்தை மாற்றினார்கள். விடிந்ததும் தொட்டுப் பார்த்தேன், உடம்பில் அனல் குறைந்திருந்தது. இரண்டு விரலை எடுக்கத்தான் வேண்டி வந்தது. கால் தப்பியது.

இனி மரம் ஏறவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போது என் வீட்டுக்காரர் கீழே நின்று தேங்காய் உரிக்கிறார். எதிரில் நிற்பது யார், எந்தக் கிருமி என்றே தெரியாமல் தோற்றுப்போக மாட்டேன் என்று அன்றைக்கு வந்த பிடிவாதம் மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, போகவும் விடமாட்டேன்.