கோ சொன்னவள் உட்கார வேண்டும்

கோ கோ ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு ஓடுகிற பெண்தான் கண்ணில் படுவாள். உட்கார்ந்திருக்கிற எட்டுப் பேரை யாரும் கவனிப்பதில்லை. நான் அந்த எட்டுப் பேரில் ஒருத்தி.

இரண்டு கம்பங்களுக்கு நடுவில் கோடு போட்டு, அதில் எட்டுக் கட்டம் கட்டியிருப்பார்கள். ஒருத்தி கிழக்கே பார்த்துக் குந்தினால் அடுத்தவள் மேற்கே பார்க்க வேண்டும். எதிரணிப் பெண் முதுகை உரசிக்கொண்டு ஓடினாலும் எழுந்திருக்கக் கூடாது. விரட்டி வருகிற நம் அணிப் பெண் முதுகில் தட்டி "கோ" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் எழலாம். தட்டியவள் அந்தக் கட்டத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். எழுந்தவள் தன் முகம் பார்த்த பக்கமே ஓட வேண்டும். திரும்பி ஓடினால் தப்பு ஆட்டம்.

நான் நன்றாக ஓடுவேன். ஆனால் என் "கோ" யாருக்கும் கேட்காது. தட்டுவேன், வாயும் அசையும். நடுவர் விசில் ஊதிவிடுவார்.

"வாயில இன்னாடி வச்சிக்கினு இருக்கற, கொழுக்கட்டையா?" என்பார் பி.டி. டீச்சர். "தட்றது எனக்குத் தெரியுது. சத்தம் எங்க?"

சத்தத்தை நான் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். எங்கள் வீட்டில் பெண்கள் பேசுவது வாசலுக்குக் கேட்கக் கூடாது. அப்பா இறந்த பிறகு அண்ணன்தான் வீட்டுக்குப் பெரியவர். அம்மாவே அவரிடம் மெதுவாகத்தான் பேசுவாள்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் பள்ளிக்கூடம் வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். மைதானம் பின்பக்கம் இருந்தது. டீச்சர் என்னை ஒரு கோடியில் நிறுத்திவிட்டு, மறுகோடியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை நிறுத்தினார். அவள் கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். அணியில் அவள் உபரி ஆள். யாருக்காவது கால் பிசகினால்தான் அவளுக்கு ஆட்டம்.

"அவ கோ சொல்லுவா. ஒனக்குக் கேட்டா கையத் தூக்கு. கேக்கலன்னா சும்மா நில்லு" என்று டீச்சர் அவளிடம் சொன்னார்.

நான் சொன்னேன். அவள் சும்மா நின்றாள். மறுபடியும் சொன்னேன். அவள் கொட்டாவி விட்டாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

"ஏக்கா, எங்க மலையில ஆடு மேய்க்க ஒன்ன உட்டா ஒரு ஆடும் திரும்பி வராது" என்றாள் பிறகு. கேலிதான், ஆனாலும் அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு மாதத்தில் அவள் கை தோள் வரைக்கும் எழும்பியது. "அரகொறயா கேக்குது" என்று அர்த்தம்.

அந்த வருஷம்தான் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்தது. எங்கள் ஊர், திருக்கோவிலூர் போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. ஊர் ஆண்கள் எல்லாரும் ரோட்டில்தான் இருந்தார்கள். புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். போலீஸ் ஜீப் வந்தால் கரும்புக்குள் போய்விடுவார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்போம். அடுப்புப் புகை வெளியே போகாமல் கண் எரியும். ஜன்னலையும் திறக்க விடமாட்டார் அண்ணன். பஸ் ஓடவில்லை. பள்ளிக்கூடம் பாதி நாள் மூடியிருந்தது. எனக்குப் பத்தாம் வகுப்பு.

"பரிச்ச வந்தா போய் எழுதிக்க. அதுவரிக்கும் வூட்ட உட்டு நவுராத" என்றார் அண்ணன்.

திருக்கோவிலூரில் பள்ளிகளுக்கிடையே ஆட்டம் வைத்திருந்தார்கள். ரோடு இரண்டு நாளாகத் திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு டீச்சர் எல்லாருக்கும் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். நான் அம்மாவிடம் கேட்டேன்.  அம்மா அண்ணனிடம் போய், சித்திக்கு உடம்பு முடியவில்லை, துணைக்கு இவளைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்புகிறேன் என்று சொன்னாள். அவள் அண்ணனிடம் பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று இரவு சித்தி வீட்டில் தங்கி, மறுநாள் காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து வாடகை வேனில் கிளம்பினோம். நம்பர் போட்ட பனியன் ஒன்பதுதான் இருந்தது. என்னுடையது மூன்று. பாவாடை தாவணிக்கு மேலேயே அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரணி பெரிய அணி. ஆனாலும் அதில் போன வருஷம் ஆடியவர்கள் பாதிப் பேர் போய்விட்டார்கள், ஜெயித்தால் விழுப்புரம் போகலாம் என்றார் டீச்சர். பத்து மணிக்குள் மைதானத்தில் பெயர் கொடுக்காவிட்டால் ஆடாமலே எதிரணி ஜெயித்ததாகிவிடும்.

எங்கள் ஊர்க் கிளைப்பாதை வருவதற்குச் சற்று முன்னால் டிரைவர் வண்டியை நிறுத்தினார். ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம் கிடந்தது. அப்போதுதான் வெட்டியிருக்க வேண்டும், இலை வாடவில்லை. டிரைவர் பின்னால் எடுக்கப் பார்த்தார். பின்னாலும் ஒரு மரம் சடசடவென்று விழுந்தது. இரண்டு மரத்துக்கும் நடுவில் எங்கள் வேன் மட்டும் நின்றது.

ஆண்கள் வந்து வேனைச் சுற்றிக்கொண்டார்கள். கெட்ட வார்த்தை ஒன்றும் பேசவில்லை. ஒருவர் குடத்தில் தண்ணீர்கூடக் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் வண்டி போகாது என்றார்கள்.

"புள்ளைங்க மேட்ச்சுக்குப் போவுதுங்க. பத்து மணிக்குள்ள போவணும்" என்றார் டீச்சர்.

"எங்க புள்ளைங்களுக்கு வேல கேட்டு நாங்க ரோட்ல குந்திக்கினு இருக்கறோம். நீங்க ஆட்டம் ஆடப் போறீங்களா, டீச்சர்? நல்லா இருக்குது" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, கையில் கோடரியோடு என் அண்ணன் நின்றிருந்தார்.

நான் சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் குந்திவிட்டேன். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டேன். வேனுக்குள் வெயில் ஏறி, பதினைந்து பேர் வியர்வை நாற்றம். பக்கத்தில் இருந்த மலைப் பெண், "இன்னாக்கா, வாந்தி வருதா?" என்றாள்.

"அது எங்க அண்ணன்" என்றேன். அவள் எட்டிப் பார்த்தாள். "எது, கோடாலி வச்சினு இருக்கறதா?" என்று கேட்டுவிட்டு, தன் தாவணியை விரித்து என் தலை மேல் போட்டு மூடினாள்.

தாவணிக்குள் இருந்து எல்லாம் கேட்டது. டீச்சர் கெஞ்சினார். டிரைவர், இப்போது கிளம்பினால்தான் உண்டு என்றார். இரண்டு மரத்தையும் சுற்றிக்கொண்டு கரும்புக்குள் ஒரு வண்டிப்பாதை போகிறது. ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற டிராக்டர் போகிற பாதை. எங்கள் வீட்டுப் பின்பக்கமாகப் போய் மறுபடி ரோட்டில் ஏறும். வேனில் இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் அது தெரியும். ஆனால் ஊர்க்காரர்கள் விட்டால்தானே போக முடியும். ஊர்ப் பெண் ஒருத்தி வேனில் இருக்கிறாள் என்றால் விடுவார்கள். அதுவும் எனக்குத் தெரியும். நான் எழுந்தால் நான் போக முடியாது. எழாவிட்டால் யாரும் போக முடியாது.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ. யாரும் என் முதுகில் தட்டவில்லை. நானாகத்தான் எழுந்தேன்.

"அண்ணா."

அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவள், எதற்கென்று தெரியாமல், கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். பழக்கம்.

அண்ணன் ஜன்னலுக்கு வந்தார். பனியனைப் பார்த்தார். நம்பரைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"சித்தி வூட்டுக்குத்தான் போனியா?"

"கரும்பு வழியா இவங்கள உட்ருண்ணா. டைம் ஆவுது" என்றேன்.

அவர் மற்றவர்களிடம் திரும்பி, "எந் தங்கச்சி கூடப் படிக்கிற புள்ளைங்க. நானே முன்னால நடந்து கொண்டுபோயி உட்டுட்டு வரன்" என்றார். யாரும் மறுக்கவில்லை. ஒருவர் மட்டும், "அப்ப ரோடு ஒனக்கு மட்டும் தெறக்குமா?" என்று கேட்டார். அண்ணன் என்னிடம், "நீ எறங்கு" என்றார்.

டீச்சர் அண்ணனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "டீச்சர், வேன் போவணுமா வேணாமா?" என்றார் அண்ணன். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் பனியனைக் கழற்றி மலைப் பெண்ணிடம் கொடுத்தேன்.

"எனக்குத் தொளதொளன்னு இருக்கும்க்கா" என்றாள்.

"ஊக்கு குத்திக்க. மூணாவது கட்டம். மேக்கப் பாத்துக் குந்தணும்."

அண்ணன் கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வேன் அவர் பின்னால் கரும்புக்குள் மெதுவாகப் போனது. நான் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அண்ணன் திரும்பி வந்து, என்னை அறைக்குள் விட்டு, கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு ரோட்டுக்குப் போனார். அம்மா திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பொய் அவளுடையதும்தான், அதனால் அவளும் பயந்திருந்தாள்.

பகல் முழுக்க அந்த அறையில் இருந்தேன். அதில் நெல் மூட்டைகளும் ஒரு காலண்டரும்தான் இருந்தன. இப்போது முதல் ஆட்டம், இப்போது இடைவேளை என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். காலை மாற்றி மாற்றிக் குந்திப் பார்த்தேன்.

பொழுது சாயும்போது பின்பக்கம் வேன் சத்தம் கேட்டது. வீட்டை நெருங்கியதும் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "கோ..."

நான் எழுந்து நின்றேன். முகம் பார்த்த பக்கம் சுவர்தான். ஜன்னல் கதவைத் தள்ளினேன், அண்ணன் கட்டியிருந்த கயிறு ஒரு கை போகிற அளவுக்கு நெகிழ்ந்தது. கம்பிக்கு வெளியே கையை விட்டு மேலே தூக்கினேன். கேட்டது என்று அர்த்தம். இருட்டத் தொடங்கியிருந்தது, அவர்கள் பார்த்தார்களோ இல்லையோ.

திரும்பி வந்த வேனுக்கும் முன்னால் நடந்து வழிகாட்டிவிட்டு அண்ணன் உள்ளே வந்தார். தாழ்ப்பாளைத் திறந்தார். கை கழுவிவிட்டு மணையில் உட்கார்ந்தார்.

"ஜெயிச்சிட்டாங்களாம்" என்றார், என்னைப் பார்க்காமல். "அடுத்த ஆட்டம் விழுப்புரமாம். அந்த டீச்சர் ஒன்ன கேட்டுது."

"நான் போவட்டாண்ணா?"

அவர் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். "சோறு போடும்மா" என்றார்.

அம்மா சோறு போட்டாள். நான் குழம்புச் சட்டியை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தேன். அந்தப் பனியனில் எத்தனை ஊக்கு குத்தினாளோ என்று நினைத்துக்கொண்டேன்.